கொல்லாமல் கறக்கிற ஊதா: மெக்சிகோ பாறைக்கரை நத்தை பிளிகோபர்ப்யூரா பான்சா பற்றிக் கேள்விகள்

அவுரித்தொட்டி கேட்டது:

வணக்கம். இயற்கைச் சாயம் போடுகிறவர்கள், கடலுயிர் படித்தவர்கள் என இரண்டு தரப்பும் இங்கே இருப்பதால் கேட்கிறேன். மெக்சிகோவின் பசிபிக் கரையில், வஹாக்கா மாநிலத்தில், மிஸ்டெக் மக்கள் பாறை நத்தையைக் கறந்து நூலுக்கு ஊதா ஏற்றுகிறார்கள், கறந்த நத்தையை உயிரோடு பாறையிலேயே விட்டுவிடுகிறார்கள் என்று சொல்கிறார்கள். மத்தியதரைக் கடல் ஊதாவுக்கு நத்தையை உடைத்து, சுரப்பியை அறுத்துத்தானே எடுத்தார்கள்? இந்த ஒன்றில் மட்டும் எப்படி முடிகிறது?

செய்முறை தெரிந்தவர்கள் படிப்படியாகச் சொன்னால் நல்லது. எந்த மாதம், நூலை எப்படிப் பிடிப்பது, நிறம் எப்போது திரும்புகிறது, எங்கே கெட்டுப்போகிறது, இதெல்லாம் வேண்டும். அவுரி வேலை தெரியும், அதனால் தொட்டி, ஹைட்ரோஸ் (சாயத்தைக் கரையும் நிலைக்கு இளக்குகிற உப்பு) பற்றி விளக்கத் தேவையில்லை. கடைசியாக, நம் கரைப் பாறைகளில் இதன் உறவுக்கார நத்தைகள் இருக்கின்றனவே, அவற்றில் இதைச் செய்ய முடியுமா?

---

சிட்டநூல் பதில்:

அவுரி தெரிந்தவருக்கு இதில் முதல் அதிர்ச்சி, தொட்டியே கிடையாது என்பதுதான். புளிக்கவைப்பது, நுரை பார்ப்பது, முக்கி எடுத்துக் காற்றாட விடுவது எதுவும் இல்லை. நூல் கடற்கரைக்குப் போகிறது, அங்கேயே சாயமாகித் திரும்புகிறது. சாயம் பிடிக்கப் படிகாரமும் வேண்டாம், கடுக்காயும் வேண்டாம்.

பினோதெபா தெ தோன் லூயிஸ் என்ற ஊர்தான் இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. அங்கிருந்து வதுல்கோ விரிகுடாக்கள் வரை கரையோரமாகப் போவார்கள். முன்பு நடந்தே போனார்கள், இருநூறு கிலோமீட்டர் அளவுக்கு வரும். அக்டோபரிலிருந்து மார்ச் வரைதான் வேலை. மழையும் புயலும் ஓய்ந்து அலை சற்றுத் தணிந்திருக்கும் காலம் அது. மழைக்காலத்தை நத்தையின் இனப்பெருக்கத்துக்கு விட்டுவிடுவது அவர்கள் வழக்கம். அந்த ஆறு மாதத்திலும் எந்த நாளும் போய்விட முடியாது. கடல் நன்றாக வற்றுகிற வேளை வேண்டும், ஏனென்றால் இந்த நத்தை அலை நேராக மோதுகிற பாறை இடுக்கில்தான் இருக்கும்.

கையில் இருப்பது இரண்டே பொருள்: நெம்ப ஒரு குச்சி, பருத்திச் சிட்டம் (வளையமாகச் சுற்றிய நூல் கட்டு). கையால் நூற்ற நூலாக இருந்தால் உறிஞ்சும். இறுக்கமாக முறுக்கிய மில் நூலில் பால், அதாவது நத்தை சுரக்கிற வெள்ளைச் சாயநீர், மேலோடு வழிந்துவிடும். சிட்டத்தைக் கடல் நீரில் நனைத்து, பிழிந்து, இடது கையில் அல்லது தோளில் விரித்த மாதிரி மாட்டிக்கொள்வார்கள். நூல் காய்ந்திருந்தால் பால் விழுந்த இடத்திலேயே புள்ளியாக நின்றுவிடும், பரவாது. சொட்டச் சொட்ட நனைந்திருந்தாலோ பால் நீர்த்துப்போய் வெளிறும். ஈரம் கசிகிற பதம்தான் சரி.

நத்தையைக் குச்சியால் பக்கவாட்டில் நெம்பி எடுக்க வேண்டும். தொட்டவுடன் அது பாறையை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதனால் முதல் தொடுதலிலேயே, அது எச்சரிக்கையாவதற்குள், நெம்பிவிட வேண்டும். இழுத்துப் பிடுங்கினால் பாதம் கிழியும். பாதம் கிழிந்த நத்தை அலையில் நிற்காது. கையில் வந்ததும் வாய்ப் பக்கத்தை விரலால் அழுத்தினால் அது உள்ளே சுருங்கும். முதலில் வருவது வெறும் நீர், அதில் கழிவும் கலந்திருக்கும். அதைக் கீழே விட்டுவிட வேண்டும். இந்த முதல் நீரை நூலில் விட்டால் பின்னால் வருகிற பால் நீர்த்து, நிறம் திட்டுத்திட்டாகும். அடுத்து வெள்ளையாக, கெட்டியாக ஒரு பால் சுரக்கும். அதைப் பாத்திரத்தில் சேர்ப்பதில்லை. நத்தையை நேரடியாக நூலின்மேல் தேய்த்து ஒற்றி எடுப்பார்கள்.

பால் நூலில் பட்டதும் மஞ்சளிக்கும். பிறகு இளம் பச்சை. நல்ல வெயிலில் சில நிமிடத்தில் பச்சை கருத்து, நீலம் காட்டி, ஊதாவுக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் பூண்டு அழுகிய மாதிரி ஒரு நாற்றம் கிளம்பும். நாற்றம் வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

கெட்டுப்போகிற இடம் இதுதான்: பச்சையை ஊதாவாக்குவது காற்று மட்டுமில்லை, வெளிச்சமும் வேண்டும். சிட்டத்தின் உள்மடிப்புக்கு வெயில் போகாவிட்டால் அங்கே பச்சை தங்கிவிடும். அதனால் ஒரு நத்தை முடிந்ததும் சிட்டத்தைக் கொஞ்சம் திருப்பி, இழைகளைப் பிரித்து, அடியில் இருப்பதை மேலே கொண்டுவர வேண்டும். மப்பும் மந்தாரமுமான நாளில் போட்ட சிட்டம் மங்கலாகத்தான் வரும். இன்னொரு தவறு, நிறம் திரும்பும் முன்பே அலசுவது. சாயத்தின் மூலப்பொருள் நீரில் கரையக்கூடியது, ஊதாதான் கரையாதது. அவசரப்பட்டு அலசினால் சாயம் கடலுக்குப் போய்விடும்.

ஒரு சிட்டத்துக்குப் பல நூறு நத்தை வேண்டும். நத்தைக்கு நத்தை பாலின் அளவு மாறும், அடர்த்தியும் மாறும். அதனால் ஒரே சிட்டத்துக்குள் லேசான ஊதாவும் அடர் ஊதாவும் மேகம் மாதிரி ஓடும். பழகிய கண்ணுக்கு அதுதான் அழகு. ஒரே சீராக வேண்டும் என்று கேட்கிற வாடிக்கையாளருக்கு இந்த நூல் ஒத்துவராது.

இந்த நூல் பெரும்பாலும் பொசவாங்கோ என்ற சுற்றுடையில் கோடுகளாகப் போகும். இடுப்பில் வார் கட்டி நெய்கிற தறியில் நெய்வார்கள். ஊதாக் கோடு நத்தை, சிவப்புக் கோடு கொச்சினீல் பூச்சி, நீலக் கோடு அவுரி. மூன்றும் கோடாகப் பாவில் ஓடுவதால், விலை உயர்ந்த நத்தை நூலைக் குறைந்த அளவில் வைத்து முழு உடையையும் முடித்துவிடுகிறார்கள்.

---

கரைப்பாறை பதில்:

சிட்டநூல் அண்ணன் செய்முறையைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். நான் நத்தையின் பக்கம் நின்று சிலது சேர்க்கிறேன். “கொல்லாமல்” என்ற சொல்லை நாம் கொஞ்சம் சுலபமாகப் புழங்குகிறோம் என்று எனக்குப் படுகிறது.

இது மியூரிசிடே குடும்பம். மத்தியதரைக் கடலின் சாய நத்தைகளும் இதே குடும்பம்தான். எல்லாம் இரைபிடித் தின்னிகள். பான்சா நத்தை, கைட்டான், லிம்பெட் (இரண்டும் பாறையை இறுகப் பிடிக்கிற ஓட்டுயிர்கள்), கொட்டலசு, சிறு நத்தை, சிப்பி என்று பாறையில் ஒட்டியிருக்கிறதை எல்லாம் தின்னும். மெக்சிகோவின் வடமேற்குக் கரையிலிருந்து தெற்கே தென் அமெரிக்காவின் வடபகுதி வரை, கலாபகோஸ் தீவுகளிலும் இருக்கிறது. பிளிகோபர்ப்யூரா கொலுமெல்லாரிஸ் என்பதும் இதுவும் ஒரே இனமா இரண்டா என்ற வாதம் வகைப்பாட்டாளர்களிடையே இருக்கிறது. ஓடு தடித்து வாய் குறுகியதை ஒன்று, ஓடு மெல்லியதாக வாய் அகன்றதை இன்னொன்று என்று பிரிப்பார்கள். கரீபியக் கரையில் இருக்கிற பாட்டுலா இதன் நெருங்கிய உறவு, அதையும் கறக்கலாம்.

ஏன் இதை மட்டும் கறக்க முடிகிறது? உடல் அமைப்புதான் காரணம். அலை மோதுகிற பாறையில் நிற்க இதற்குப் பாதம் பெரிது, அதற்கேற்ப ஓட்டின் வாயும் அகலம். மூடியோ சிறியது, வாயை முழுசாக அடைக்காது. மத்தியதரைக் கடல் நத்தைகள் உள்ளே போய் மூடியால் கதவடைத்துக்கொள்ளும், அதனால் உடைக்காமல் சுரப்பியை எட்ட முடியாது. பான்சா கதவடைக்க முடியாதது. தொந்தரவு செய்தால் சுருங்குகிறது, சுருங்கும்போது மேலுறைக் குழிக்குள் இருக்கிற சுரப்பி பாலை வெளியே தள்ளுகிறது. அளவும் தாராளம். ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன், 1909-இல் பால் ஃபிரீட்லாண்டர் மத்தியதரைக் கடல் நத்தை 12,000-ஐ அறுத்து எடுத்த சாயம் 1.4 கிராம். அதை வைத்துத்தான் இந்த ஊதா 6,6'-டைபுரோமோஇண்டிகோ என்று உறுதிசெய்தார். அவுரியின் அதே மூலக்கூறு, இரண்டு புரோமின் கூடுதல். புரோமின் கடல் நீரிலிருந்து வருவது.

சரி, அந்தப் பால் நத்தைக்கு எதற்கு? நமக்குச் சாயம் தருவதற்கு இல்லை. இந்தக் குடும்பத்து நத்தைகளின் இந்தச் சுரப்பில் தசையைச் செயலிழக்கச் செய்கிற கோலின் சேர்மங்கள் உண்டு. பாறையை விடாமல் பிடித்திருக்கிற கைட்டான் மீது அது பட்டால் பிடி தளரும். ஆஸ்திரேலியக் கரையின் உறவுக்கார நத்தை டைகாத்தைஸ் ஆர்பிட்டாவின் முட்டைப் பைகளில் இந்தச் சாயத்தின் மூலப்பொருள்களே இருப்பதும், அவை பாக்டீரியாவை எதிர்ப்பதும் தெரிந்த விஷயம். அதாவது நாம் கறந்த அன்று அந்த நத்தையின் ஆயுதத்தைப் பறிக்கிறோம். திரும்ப நிரப்ப அதற்கு உணவும் காலமும் வேண்டும்.

அதனால்தான் இடைவெளி முக்கியம். சாயக்காரர்களின் பழைய கணக்கு ஒரு பிறைச் சுற்று, அதாவது சுமார் 28 நாள். ஒரே விரிகுடாவுக்கு அதற்குள் திரும்பிப் போக மாட்டார்கள். திரும்பத் திரும்பக் கறந்து பார்த்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் நிற்கின்றன: இடைவெளி குறையக் குறையப் பாலும் குறைகிறது, சாவும் கூடுகிறது. கறப்பதில் சாவதைவிட, கறந்த பிறகு விடுகிற விதத்தில் சாவதுதான் அதிகம் என்பது என் கருத்து. கையை உதறி எறிந்தால், சுருங்கிய நத்தைக்குப் பாதத்தை வெளியே நீட்டிப் பிடிக்க நேரம் வேண்டும். அதற்குள் அடுத்த அலை உருட்டிக்கொண்டு போய் மணலில் போடும், அல்லது நண்டு எடுக்கும். வெயில் பட்ட காய்ந்த பாறையில் வைத்தால் வாய் அகலமானதால் சீக்கிரம் நீர் வற்றும். வைக்க வேண்டிய இடம், நிழலும் ஈரமும் உள்ள இடுக்கு. வாய்ப் பக்கம் பாறையைப் பார்த்து இருக்க வேண்டும், அலை நேராக அறையாத பக்கம். எடுத்த இடத்திலேயே வைத்தால் இன்னும் நல்லது. சிறு நத்தையைத் தொடவே கூடாது. பால் ஒரு துளிதான் வரும், சேதம் முழுசாக இருக்கும்.

இந்த ஒழுக்கம் உடைந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி 1980-கள். பட்டுக்குச் சாயம் வேண்டி ஒரு ஜப்பானிய நிறுவனம் அந்தக் கரையில் இறங்கியது. கூலிக்கு ஆள் வைத்தார்கள். கூலிக்காரனுக்குப் பிறைக் கணக்கும் கிடையாது, திரும்ப வைக்கிற பொறுமையும் கிடையாது. நத்தை சரசரவெனக் குறைந்தது. மிஸ்டெக் சாயக்காரர்கள் போராடி, 1988-இல் மெக்சிகோ அரசு இதைக் கட்டுப்படுத்தி, கறக்கும் உரிமையைப் பாரம்பரியச் சாயக்காரர்களோடு நிறுத்தியது. பிறகு 1994-இல் சிறப்புப் பாதுகாப்புப் பட்டியலிலும் ஏறியது. அப்படியும் தேறிவிட்டது என்று சொல்ல முடியாது. இப்போதைய தொல்லை சாயம் இல்லை, சாப்பாடு. இறைச்சிக்காகத் திருட்டுத்தனமாகப் பெயர்த்து எடுத்துப் போகிறவனுக்கு ஒரு நத்தை ஒரே ஒரு முறைதான் பயன்படும்.

---

சிட்டநூல் பதில்:

தம்பி சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் “ஆயுதத்தைப் பறிக்கிறோம்” என்பது கொஞ்சம் கூடுதல். வருடத்தில் ஆறு மாதம், பிறைக்கு ஒரு தடவை என்ற கணக்கில் தலைமுறை தலைமுறையாக நத்தை இருந்திருக்கிறது. 1909-இலேயே மானிடவியலாளர் ஸெலியா நட்டல் இந்த வழக்கம் அங்கே உயிரோடு இருப்பதை எழுதிவைத்திருக்கிறார். கோஸ்டா ரிகாவில் போருகா மக்களும் இதே நத்தையைக் கொண்டு நூலுக்குச் சாயம் போடுகிறார்கள். முறையோடு செய்தால் தாங்கும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

---

கரைப்பாறை பதில்:

நத்தை நிறைய இருந்தபோது தாங்கியது, அண்ணே. ஒரு விரிகுடாவில் ஆயிரம் இருக்கும்போது ஐம்பது செத்தால் தெரியாது. நூறுதான் இருக்கிறது என்றால் அதே ஐம்பது பாதி. ஆண் பெண் தனித்தனி உயிர், உள்கருத்தரிப்பு. கூட்டம் சிதறினால் இணை சேர்வதே குறையும். முறை மாறவில்லை, எண்ணிக்கை மாறிவிட்டது. 28 நாளை வேதமாக எடுக்காமல், பாறையில் எத்தனை நத்தை இருக்கிறது என்று எண்ணிவிட்டு, குறைவாக இருந்தால் அந்த விரிகுடாவை ஒரு பருவம் முழுக்க விட்டுவிடலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

நம் கரை பற்றிக் கேட்டவருக்கு: வேண்டாம். கன்னியாகுமரி, முட்டம் பக்கத்துப் பாறைகளில் இந்தக் குடும்பத்து நத்தைகள் உண்டு, பர்ப்யூரா பூஃபோ மாதிரி. மன்னார் வளைகுடாவில் யானை முள்ளி போன்ற பெரிய முள்ளிச் சங்குகளும் உண்டு. எல்லாவற்றிலும் சுரப்பி இருக்கிறது, கொஞ்சம் ஊதாவும் வரும். ஆனால் பான்சா மாதிரித் தாராளமாகப் பீய்ச்சுகிற பழக்கம் அவற்றுக்கு இல்லை. நூல் நனைகிற அளவு வேண்டுமென்றால் உடைத்து அறுக்க வேண்டிவரும். அப்படியானால் நீங்கள் செய்வது மிஸ்டெக் முறை இல்லை, பழைய மத்தியதரைக் கடல் முறை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா, அங்கே கையே வைக்க முடியாது. மற்ற கரையிலும் சில சங்கு வகைகள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருக்கின்றன. அடையாளம் தெரியாமல் எடுத்தால் வம்பு.

---

அவுரித்தொட்டி கேட்டது:

இருவருக்கும் நன்றி. நம் கரை யோசனையை விட்டுவிட்டேன். இன்னும் ஒன்று: நத்தை ஊதா என்று சொல்லி விற்பனைக்கு வருகிற சிட்டம் அசல்தானா என்று பார்க்க வழி உண்டா? ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிற வசதி இல்லாமல், சாயப் பட்டறையில் இருக்கிறதை வைத்து.

---

பாவும்ஊடையும் பதில்:

உண்டு. சந்தையில் பொசவாங்கோ என்று வருவதில் பெரும்பங்கு ரசாயன ஊதா என்பதால் பார்த்துத்தான் வாங்க வேண்டும். போலி மூன்று விதமாக வரும்: ரசாயனச் சாயம், அவுரியின்மேல் கொச்சினீல் போட்டுக் கலந்த ஊதா, பாதி நத்தை பாதி ரசாயனம்.

முதலில் மூக்கு. அசல் நூலை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடி, பத்து நிமிடம் கழித்துத் திறந்து முகர்ந்தால் கடலும் பூண்டும் கலந்த வாடை வரும். பல வருடம் ஆன துணியிலும் போகாது. ஆனால் வாடை இருப்பதால் மட்டும் அசல் என்று முடிவுகட்டாதீர்கள். பாதிக்குப் பாதி கலந்ததிலும் வாடை வரும்.

அடுத்து எலுமிச்சை. ஒரு இழையில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள். கொச்சினீல் இருந்தால் அந்த இடம் ஆரஞ்சு, சிவப்புப் பக்கம் திரும்பும். நத்தை ஊதா அசையாது. ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்தும் பாருங்கள். மலிவான ரசாயன ஊதா துணியில் இறங்கும். நத்தையில் மேலோட்டமாக ஒட்டிய தூள் முதல் தேய்ப்பில் லேசாக வரலாம், இரண்டாவது தேய்ப்பில் வராது.

உறுதியாகத் தெரிய ஹைட்ரோஸ்தான். பருத்தி நூலுக்கு மட்டும் இந்த அளவு. கம்பளி, பட்டு என்றால் காஸ்டிக் சோடா தின்றுவிடும். ஐந்து சென்டிமீட்டர் இழை இரண்டு வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு சின்னக் கண்ணாடிக் குழாயில் தலா பத்து மில்லி தண்ணீர், 55 டிகிரி அளவு சூடு. ஒவ்வொன்றிலும் காஸ்டிக் சோடா ஒரு சிட்டிகை, கரைந்ததும் ஹைட்ரோஸ் ஒரு சிட்டிகை. கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இழையைப் போட்டு வாயை அடைத்துவிடுங்கள். அவுரியைவிட இது மெதுவாகத்தான் இளகும், அதாவது நிறம் வெளுத்துக் கரையும் நிலைக்கு வரும். ஐந்து நிமிடத்தில் ஆகவில்லை என்று கைவிடாதீர்கள், சூடு குறையாமல் கால் மணி நேரம் வையுங்கள். ஆறிப்போனால் பாதியில் நின்றுவிடும், அதைப் பார்த்து ரசாயனம் என்று தவறாக முடிவெடுப்பவர்கள் உண்டு.

இதில் முதல் குழாயைக் கறுப்புக் காகிதம் சுற்றி இருட்டில் வையுங்கள். இரண்டாவதை இழை வெளுத்து மஞ்சள் பச்சை ஆனதும் நேர் வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு இரண்டு இழையையும் எடுத்துக் காற்றில் விடுங்கள்.

இருட்டில் இருந்தது ஊதாவாகவும், வெயிலில் இருந்தது நீலமாகவும் திரும்பினால் உள்ளே இருப்பது நத்தைச் சாயம். இளகிய நிலையில் வெளிச்சம் பட்டால் அந்த மூலக்கூறு புரோமினை இழந்து அவுரிப் பக்கம் போய்விடும், அதனால்தான் இரண்டும் பிரிகின்றன. இரண்டுமே நீலமாகத் திரும்பினால் அவுரியும் கொச்சினீலும் கலந்த நூல், கொச்சினீல் தண்ணீரில் போய்விட்டது. இரண்டுமே வெளுத்து அப்படியே நின்றுவிட்டால் சாதாரண ரசாயனச் சாயம், ஹைட்ரோஸில் உடைந்தது திரும்பாது. இருட்டில் இருந்த இழை திரும்பும்போது முன்பைவிட வெளிறியிருந்தால் கலப்படம் என்று சந்தேகிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: செயற்கையாகத் தயாரித்த டைபுரோமோஇண்டிகோவும் உண்டு. அதில் போட்ட நூலும் இந்தச் சோதனையில் அசல் மாதிரியே நடக்கும். அங்கே கண்ணும் மூக்கும்தான் கைகொடுக்கும்: தொட்டியில் போட்ட நூல் ஒரே சீராக இருக்கும், பூண்டு வாடை இருக்காது.

இழையை வெட்டக் கேட்டாலே முகம் சுளிக்கிற வியாபாரியிடம் சிட்டத்தின் கட்டு நூல் ஓரத்தில் இரண்டு இழை கேளுங்கள். கட்டியிருக்கிற இடத்துக்கு அடியில் வெயில் படாமல் பச்சை தங்கியிருக்கிறதா என்றும் அப்போதே பிரித்துப் பாருங்கள். பாறையில் வைத்துப் போட்ட சிட்டத்தில் பெரும்பாலும் ஒரு கீற்றாவது இருக்கும்.